நான்தான் பேசுகிறேன், அக்கா

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்த அக்காவுக்கு ஒருநாள் முதலாளியின் குரலில் அழைப்பு வந்தது. அவர் கைப்பேசிக்கு வந்திருக்கும் ஓடிபி எண்ணை அந்தக் குரல் அவசரமாகக் கேட்டது. அக்கா சொல்லிவிட்டார். அது கணினியில் செய்த போலிக் குரல். வாடிக்கையாளர் விவரங்கள் எல்லாம் திருடுபோயின. பின்னாலேயே அக்காவின் வேலையும் போனது.

"இத்தன வருஷமா கேக்குற குரல்டா, எனக்குத் தெரியாதா?" என்று அழுதார்.

இணையப் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த நான், குரலை எப்படித் திருடுகிறார்கள், நாம் இணையத்தில் போடும் படங்களிலிருந்தே என்னவெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள் என்று அவருக்கு மூச்சுவிடாமல் விளக்கினேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

போன மாதம் தேக்கா சந்தைப் பக்கம் போனபோது அவர் ஞாபகம் வந்தது. வேலை போனதிலிருந்து ஈசூன் வட்டாரத்தில் வீட்டோடு இருந்தவரைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"அக்கா, நான்தான். எப்படி இருக்கீங்க?"

"நீதான்னு எப்படி நம்புறது? கடைசியா சேந்து என்ன சாப்பிட்டோம்?"

"தேக்காவுல மீன் தலைக் கறி. காரம் தாங்காம நான் அழுதேன், நீங்க சிரிச்சீங்க."



"அந்த வீடியோ ஃபேஸ்புக்ல இருக்கு லா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுபடி அழைக்கக் கை வரவில்லை. அழைத்தது நான்தான் என்று காட்ட, குரலைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?