அன்னக்கொடி அக்காவின் நம்பர்

இன்று காலை லேப் ஜன்னலில் ஒரு அக்கா வந்து நின்றார். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க.

அவரிடம் போன் நம்பர் கேட்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கொல்லிமலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் திருச்செங்கோடு. மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது (வளைவுகளில் வாந்தி எடுப்பதை நிறுத்தி ஒரு வருஷம்).

முன்பெல்லாம் இங்கே சுகர், சிறுநீர் மாதிரி சில டெஸ்ட்தான். தைராய்டு, கிட்னி என்று டாக்டர் எழுதிவிட்டால் நாமக்கல் இறங்க வேண்டும். ஒரு நாள் வேலை போகும். பாதிப் பேர் சீட்டை மடித்து வைப்பதோடு சரி.

இப்போது எல்லா சுகாதார நிலையங்களுக்கும் சேர்த்துக் கீழே ஒரே பெரிய ஆய்வகம். காலையில் நான் ரத்தம் எடுத்து, பார்கோடு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். சாயங்காலம் ரிசல்ட் எங்கள் கம்ப்யூட்டருக்கும் நோயாளியின் போனுக்கும் வந்துவிடும்.

நல்ல ஏற்பாடு. மனசாரச் சொல்கிறேன்.

சிக்கல் போன் நம்பரில்தான்.

தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு ஊர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு). அங்கிருந்து வருகிற எல்லோரும் ஒரே நம்பரைத்தான் சொல்வார்கள். மேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்னக்கொடி அக்காவின் நம்பர். அந்த ஊரில் சிக்னல் எடுப்பது அவர் கடை வாசலில் மட்டும். அடித்து அடித்து எனக்கு மனப்பாடம் (கணவர் நம்பரை இன்றும் பார்த்துத்தான் சொல்வேன்).

மெசேஜ் வந்தால் அக்கா பேரை மட்டும் பார்ப்பார். ஆளை வரவழைத்து, போனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். யாருக்கு என்ன வியாதி என்று அவர் படித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

போன மாதம் ஆய்வகத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். "மேடம், உங்க சென்டர்ல இத்தனை பேருக்கு ஒரே நம்பர் இருக்கு. நீங்களே ஏதாவது ஒண்ண அடிச்சு விடறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நானா பொய் நம்பர் அடிக்கிறேன்?

மறுநாளிலிருந்து கறார். சொந்த நம்பர் சொன்னால்தான் ஊசி.

அப்படி வந்தவர்தான் காளிமுத்து அண்ணன். மரவள்ளி விவசாயி. பல வருஷமாகச் சுகர், பிரஷர் மாத்திரை. கால் கனக்கிறது, நடக்க முடியவில்லை என்று வந்தார்.

"அன்னக்கொடி நம்பரைப் போட்டுக்குங்க மேடம்."

"உங்க நம்பரச் சொல்லுங்கண்ணா."

தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் ஜெயித்த மாதிரி அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் அவர் பேர் சிவப்பில் வந்தது. பொட்டாசியம் ஏகத்துக்கு அதிகம். இருதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம், உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அவர் நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி மறுபடி அடித்தேன். அதேதான்.

வேறு வழி தோன்றாமல் அந்த மனப்பாட நம்பரை அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"ஏனுங்க, காளிமுத்து போனா? அது அரிசி டிரம்முக்குள்ள கெடக்குமுங்க. பேளுக்குறிச்சி சந்தைக்குப் போறப்பதான் ஆன் பண்ணுவாப்ல."

நான் ரிசல்ட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். தடுத்துவிட்டார்.

"என்ன ஏதுன்னு எனக்கு வேண்டாமுங்க. அவசரமா, இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"அவசரங்க்கா."

கடையைச் சாத்திவிட்டு அவருடைய மரவள்ளிக் காட்டுக்கு ஓடியிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் காளிமுத்து அண்ணன் வந்து இறங்கினார். கை மண்ணைக்கூடக் கழுவவில்லை. ஆம்புலன்ஸ் தயாராக நின்றது.

பிழைத்துக்கொண்டார். விடியும் வரை விட்டிருந்தால் கஷ்டம் என்று கீழே சொன்னார்களாம்.

நான் அன்றே அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பழைய நம்பரையே போட்டுவிட்டேன். ஆய்வகத்துக்காரர் திரும்பவும் கேட்டார். அந்த ஊருக்கு அந்த நம்பர்தான் என்றேன். காரணத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கத்துக்கு.

சரி, இன்று காலைக்கு வருவோம். ஜன்னலில் நின்றது அன்னக்கொடி அக்காதான். மார்பில் ஒரு கட்டியாம், எடுக்க வேண்டுமாம். டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்கச் சொல்லி ஏழெட்டு டெஸ்ட் எழுதியிருந்தார்.

"நம்பர் உங்களுதுதானேக்கா?" என்று சிரித்துக்கொண்டே அடிக்கப் போனேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"வேண்டாங் கண்ணு. உன்ற நம்பரப் போடு. ஊருல யாருக்குன்னாலும் நான் ஓடிப் போயிச் சொல்லிருவேன். எனக்கு வந்து சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல?"

போட்டுவிட்டேன்.

வண்டி பதினோரு மணிக்கே மலை இறங்கிவிட்டது. அப்போதிலிருந்து போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.