சிலுவைராஜ் கம்பு தேடியது

சிலுவைராஜுக்கு மீன் கடிப்பது தெரியாமல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

தீவில் ஜங்லிகாட்டுக் குடியிருப்பில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அறுபத்தேழாம் வருஷம் ஜூலை மழையில் அவன் மகள் கிரேசி காய்ச்சலில் போனாள். நாலு வயது. அடக்கம் முடிந்த பதினோராம் நாள் அவன் மைத்துனன் சின்னப்பனோடு கடலுக்குப் போனான். போகாமலிருந்திருக்கலாம். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாமல் போனான். நடுக்கடலில் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் பிறந்தவன் எவனும் செய்யாத காரியம் அது. நரம்பை விரலில் தொங்கவிடலாம், சுற்றக்கூடாது. பெரிய பாரை மீன் ஒன்று இழுத்தது. ஒரு கையை விடுவிக்க மறு கையால் பிடித்தான். நரம்பு இரண்டு கைகளையும் அறுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். புண் ஆறியது. விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன. ஆனால் கட்டைவிரல்களைத் தவிர மற்ற எட்டிலும் உணர்ச்சி இல்லை. சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. கைத்தூண்டில்காரனுக்கு விரல்தானே காது? ஆழத்தில் மீன் இரையைத் தொடுவதை விரல்தான் கேட்கும். அது இல்லாமல் போனது.

சின்னப்பன் மூன்று மாதம் பொறுத்தான். அவன் தங்கை ரோசலினைத்தான் சிலுவைராஜ் கட்டியிருந்தான். ஐம்பத்தொன்பதில் அவனும் சிலுவைராஜும் ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். ஆனால் படகு சின்னப்பனுடையது. அதில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

"மாப்ள, நீ வாரது எனக்குப் பாரமில்ல" என்றான். "ஆனா ரெண்டு பேரு உக்காந்து ஒருத்தன் மீன் புடிச்சா அது படவு இல்ல, பல்லக்கு. கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல அந்தத் தெலுங்குக்காரன ஏத்திக்கிடுதேன். கோவிச்சுக்கிடாத."

சிலுவைராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வரவில்லை.

சாத்தம் மர ஆலையில் பலகை அடுக்கும் வேலை கேட்டுப் போனான். அங்கே கணக்கெழுதும் குழந்தைவேலு கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம். கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையோட பலகை தூக்கினா கால்லயும் போட்டுக்குவே. வேண்டாம்ப்பா" என்றார். சிறிது யோசித்து, மேசையில் காகிதங்களின்மேல் இருந்த ஒரு சாமானை எடுத்து நீட்டினார்.

"இத எடுத்துக்கிட்டுப் போ. மரம் ஏத்த வந்த கப்பல் இஞ்சினியர் ஒருத்தர் பிரியமாக் குடுத்தது. மீன் வாசனை பட்டா தலைவலிக்கிற ஆளுக்கு மீன் புடிக்கிற மிஷினு. நாலு வருஷமா காகிதம் பறக்காம காவல் காக்குது."

அது ஒரு ரீல். நூற்கண்டு படுத்துக்கிடப்பது போல உருளை, பக்கத்தில் கைப்பிடி. தூண்டில் கம்பின் கீழே தொங்குவதல்ல, மேலே உட்காருவது. நரம்பு ஓடும்போது உருளையைக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்த வேண்டும். கட்டைவிரல் அவனுக்கு இருந்தது. கம்புதான் இல்லை.

அபர்டீன் பஜாரில் ஜம்புலிங்கத்தின் கடைக்குப் போனான். அங்கே பினாங்கிலிருந்து வந்த கண்ணாடி இழைக் கம்பு ஒன்று இருந்தது.

"அண்ணே, இது அடியில தொங்குற ரீலுக்கு உள்ளது" என்றார் ஜம்புலிங்கம். "வளையமெல்லாம் பெருசு பெருசா கீழ பாத்திருக்கு பாருங்க. உங்களுது மேல உக்காருறது. சின்ன வளையமா மேல வரிசையாக் கட்டணும். இல்லாட்டி நரம்பு கம்புலயே உரசி அந்து போகும். கம்பும் ரொம்ப வெறைப்பா இருக்கக்கூடாது, தொவளவும் கூடாது. நீங்க கட்டுற ஈயத்தைத் தொங்கவிட்டா நுனி மட்டும் தலை குனியணும். பேசாம ஒண்ணு செஞ்சுக்கோங்க, சஸ்தா, செலவு கம்மி."

விலையைக் கேட்டுவிட்டு அவன் கம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நுனி மேலே தொங்கிய அரிக்கன் விளக்கில் இடித்தது. விரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்பின் அடிமுனை முழங்கையில் பட்டிருந்தது. இடித்த அதிர்வு அங்கே தெரிந்தது.

அவன் முழங்கையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

அதன் பிறகு வீட்டுக்குக் கம்புகள் வரத் தொடங்கின. மர ஆலைத் தச்சன் ஒருவன் படாக் மரத்தில் இழைத்துக் கொடுத்தது முதலில் வந்தது. சிவப்பாக, அழகாக இருந்தது. சிலுவைராஜ் அதை முன்கையோடு சேர்த்து முழங்கையில் முட்டக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"நுனியில நகத்தால தட்டு" என்றான்.

அடுப்படியிலிருந்து வந்து ரோசலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். ஜூலைக்குப் பிறகு இருவருக்கும் இடையே சோறு, தண்ணீர், கதவு இந்த மூன்றைப்பற்றித்தான் பேச்சு இருந்தது.

"தட்டிட்டேன்."

"தெரியல."

"இப்பம்?"

"இல்ல."

படாக் கம்பு மூலைக்குப் போனது. பிரம்பு வந்தது. ஈயத்தைக் கட்டினால் ஜம்புலிங்கம் சொன்னதுபோல் குனிந்தது. ஆனால் தட்டியதையெல்லாம் தானே விழுங்கிக்கொண்டது. பம்பூஃபிளாட்டிலிருந்து படகில் கொண்டுவந்த கொழுத்த மூங்கிலில் தட்டல் வந்தது. ஆனால் அது வளைய மறுத்தது. மீன் திமிறினால் ஒன்று நரம்பு போகும், இல்லை தூண்டில் வாயைக் கிழித்துக்கொண்டு வரும்.

இன்னொரு பிரம்பைப் பிடித்தபோது அவன், "ஆங், தெரியுது" என்றான்.

"நான் இன்னும் தட்டவே இல்ல" என்றாள் ரோசலின்.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"அண்ணங்கிட்டயும் இப்பிடித்தான் சொல்லப்போறியளா?"

அவன் பிரம்பைக் கீழே வைத்தான். கிறிஸ்மஸுக்கு எட்டு நாள் இருந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். கிரேசியின் கட்டில் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் நாலு மூலையிலும் கொசுவலை கட்டும் மூங்கில் கம்புகள். நாலு வருஷம் அடுப்புப் புகை குடித்து மஞ்சளேறி, கணுக்கள் நெருங்கி, விரல் பருமனில் இருந்தன. ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள்.

"அத எதுக்கு எடுத்த?"

"இனி எதுக்கு அது."

ஈயத்தைக் கட்டினார்கள். நுனி மட்டும் குனிந்தது. அவன் கண்ணை மூடினான். அவள் மறுமுனையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பிறகு முழங்கை எலும்பில் சிறிதாக ஒன்று வந்து நின்றது. பிறகு இரண்டு, சேர்ந்தாற்போல.

"மொதல்ல ஒண்ணு. பொறவு ரெண்டு" என்றான்.

"ஆமா" என்றாள். எழுந்து சோறு வடிக்கப் போனாள்.

பித்தளைக் கம்பியில் சிறு வளையங்கள் செய்து மேற்புறமாக வரிசையாகக் கட்டினான். அவன் விரல்களுக்கு முடிச்சு நிற்காததால் ரோசலின் கட்டினாள். அடிப்பக்கம் முழங்கையைத் தாண்டும்படி விட்டு, ரீலைத் தோல்வாரால் இறுக்கினார்கள்.

சனிக்கிழமை, கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, கம்போடு போய்க் கரையில் நின்றான்.

சின்னப்பன் மேலும் கீழும் பார்த்தான். "என்ன மாப்ள, கொளத்துல கெளுத்தி புடிக்கப் போறியளோ?"

"ஏத்துவியளா மாட்டியளா, மச்சான்?"

"ஏறு. கண்ணுல குத்திராத."

வெளிக்கடலில் நங்கூரக் கல்லை இறக்கினார்கள். சிலுவைராஜ் கட்டைவிரலைத் தளர்த்தினான். உருளை சுற்றி நரம்பு இறங்கியது. ஈயம் தரையைத் தொட்டதும் அழுத்தினான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முழங்கையில் வந்தது. தூக்கினான், கைப்பிடியை மடக்கிய விரல்களால் கொக்கிபோல் பிடித்துச் சுற்றினான். முழ நீளத்தில் களவா ஒன்று வந்தது.

சின்னப்பன் மீனைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்த்தான்.

"நுனி ஆடுனதப் பாத்துட்டுத் தூக்குத. பகல்ல சரி. அமாவாசைக்கு வந்தா என்னத்தப் பாப்ப? கரையப் பாத்துத் திரும்பி உக்காரு."

சிலுவைராஜ் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். போதாதென்று சின்னப்பன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் கண்ணைக் கட்டினான். படகு ஆடியது. அலை பலகையில் அடிப்பதும் முழங்கைக்கு வந்தது. அது வேறு, மந்தமாக, ஒரே சீராக. ஒருமுறை ஏமாந்து தூக்கினான், வெறும் தூண்டில் வந்தது. சின்னப்பன் தொண்டையைச் செருமினான். சிலுவைராஜ் புது இரை கோத்து மறுபடி இறக்கினான்.

அது வந்தபோது சந்தேகமில்லை. இரண்டு கொத்து, ஒரு இழுப்பு. சங்கரா, சிவப்பாக, படகுக்குள் துடித்தது. அதன்பின் இன்னொன்று. பிறகு இரண்டு களவா.

சின்னப்பன் கண்கட்டை அவிழ்த்துத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். "தெலுங்குக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றான்.

சிலுவைராஜ் சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தான். வரவில்லை. இரையை எடுத்துத் தூண்டிலில் கோத்தான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் விடியலில் அவன் கரைக்கு வந்தபோது, படகின் விளிம்புப் பலகையில் அவன் உட்காரும் பக்கமாக, கம்பு சாய்ந்து நிற்க ஒரு வெட்டு புதிதாக வெட்டப்பட்டிருந்தது. மரத்தூள் இன்னும் உள்ளே கிடந்தது. சின்னப்பன் அதைக் கையால் வாரிக் கடலில் போட்டுவிட்டு, துடுப்பை எடுத்தான்.