பளபளத்த இறக்கை

தண்ணீர்த் தொட்டி செய்கிறவருக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று தெருவே கேட்டது. மனிதர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடி இழைத் துணியை விரித்து, பிசின் தடவித் தொட்டி தொட்டியாகச் செய்து தள்ளியவர். ஒருநாள் பழைய பத்திரிகை ஒன்றில் அந்த விமானத்தைப் பார்த்துத் தொலைத்தார். சின்ன இறக்கை மூக்குப் பக்கம், பெரிய இறக்கை பின்னால், அதற்கும் பின்னால் சுழலும் விசிறி. வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாமாம். அதுவும் எதில்? இதே துணி, இதே பிசின்! அன்றோடு தூக்கம் போயிற்று. தன் கையால் செய்ததில் ஒரே ஒருமுறை பறந்துவிட வேண்டும். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வரைபடம் கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அதை வரைந்தவர் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். இன்டர்நெட்டில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களே தவிர, தாள் ஒன்றும் வரவில்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஒரு தையல்கடை அம்மாளிடம் போய் நின்றார். அவள் கணவர் அதே விமானத்தைக் கட்டி, அதிலேயே விழுந்து செத்துப்போனவர்.

அவள் தாள்சுருளைச் சட்டென்று நீட்டிவிடவில்லை.

"தர்றேன் தம்பி. ஆனா பறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் காட்டணும். இன்னொண்ணு, துணியில ஊறினது போக மிச்சப் பிசினை வழிச்சு எடுத்துடுங்க. இறக்கை மங்கலாத்தான் இருக்கணும்."

"சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டினார். பிசினைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. தொட்டித் தொழிலில் பிசினைச் சுருக்கினால் ஒழுகும். சந்தேகம் வந்தால் இன்னொரு கை தடவு என்பதுதான் அவர்கள் வழக்கம்.

கூடத்திலிருந்த சாமான்கள் எல்லாம் வெளியேறின. மனைவி சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடப் பழகினாள். "ஏங்க, நான் இருக்கறதா, அதை இருக்க விடறதா?" என்று கத்துவாள். பிறகு அவளே துணி வெட்டிக் கொடுப்பாள். அவர் பயத்தில் ஒரு கை, ஆசையில் ஒரு கை என்று தடவிக்கொண்டே போனார். கையுறை போடும் பழக்கமும் தொழிலில் கிடையாது. முதலில் விரல் அரித்தது. பிறகு பிசின் டப்பாவைத் திறந்தாலே முகம் வீங்கியது. இனி அதைத் தொட்டால் மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது, "வேலை முடிஞ்சுபோச்சு டாக்டர்" என்றார் பெருமையாக.

உண்மையில் முடிந்துதான் இருந்தது. இறக்கையில் முகம் பார்க்கலாம். வந்தவர்கள் எல்லாம் தடவித் தடவி வாய் பிளந்தார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தையல்கடை அம்மாளை அழைத்தார். அவள் வந்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பளபளன்னு இருக்கே தம்பி" என்றாள். அதில் பாராட்டு இல்லை.

இந்த வகை விமானம் ஆள் இல்லாதபோது பின்பக்கம் சாயும், அதனால் மூக்கைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார்கள். ஆள் முன்னால் ஏறிவிட்டால் மூக்கு தானே அமர்ந்திருக்க வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தார். மூக்கைப் பிடித்திருந்த மனைவி கையை விட்டாள். மூக்கு மெல்ல மேலே எழும்பியது. அவரையும் தூக்கிக்கொண்டு வால் தரையில் இடித்தது.

வழித்தெடுக்காத பிசின் முழுக்கப் பின் இறக்கையில் பாரமாகச் சேர்ந்திருந்தது. பறக்கும்போது வேகம் குறைந்தால் முன் இறக்கைதான் முதலில் தூக்கும் வலுவிழந்து சோர வேண்டும், அப்போது மூக்கு தாழ்ந்து விமானம் தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும். பின்பாரம் கூடிவிட்டால் பெரிய இறக்கை முதலில் கைவிட்டுவிடும். அப்புறம் எந்தக் கைப்பிடியை இழுத்தும் பயனில்லை.

"முன்னாடி ஈயம் வெச்சுப் பாக்கலாமாக்கா?"

"அவரும் அதைத்தான் வெச்சார். பாரம் இன்னும் கூடிப்போச்சு. இறக்கையைப் புதுசாத்தான் செய்யணும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். தோல் உரிந்த விரல்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

இறக்கையை அவரே ரம்பத்தால் அறுத்தார். ஒரு துண்டு மட்டும் கூடத்தில் கிடக்கிறது. வரைபடம் கேட்டு வருகிறவர்களைத் தையல்கடை அம்மாள் இப்போது இவரிடம்தான் அனுப்புகிறாள். போன வாரம் அப்படி வரைபடம் கேட்டு வந்த ஒரு தபால்காரர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, "என்ன பளபளப்பு சார்!" என்றார்.

"தூக்கிப் பாருங்க. இவ்வளவு கனம் ஆகாது. அந்தப் பளபளப்பு வரவே கூடாது."

தபால்காரர் மரியாதையோடு துண்டைக் கீழே வைத்தார். "நீங்க பறந்தப்ப எப்படி இருந்துச்சு சார்?"

அவர் துண்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஒருதடவை உக்காந்தேன்" என்றார்.