பாதி ஜெபத்தில் வந்த ஆமென்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எனக்கு நீச்சல் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. வெகுகாலம் காத்திருந்து பெற்ற எங்கள் ஒரே மகள் லில்லிக்கு அப்போது நாலு வயது. நாங்கள் மூன்று பேரும் ஒரு நாள் நடு ஏரியில், தண்ணீர் புகுந்த படகில் தவித்தோம். செத்தோம் என்றே நினைத்தேன். இன்றைக்கு மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அது எப்படி என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லைத் தகராறு தீர்ந்து, சத்தியவேடு பக்கம் மதராஸிலிருந்து ஆந்திராவோடு சேர்ந்த வருஷம் அது. அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் எங்கள் சபையார் படகில் ஏறி, ஏரி நடுவிலுள்ள மேட்டுக்குப் போவோம். அங்கே பிரியாணி சாப்பிட்டு, பாட்டுப் பாடித் திரும்புவது வழக்கம். கரையில் ஒரு பலகை உண்டு. படகில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடாது, ஓடும் படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று மதராஸ் சர்க்கார் தமிழில் எழுதி வைத்திருந்தது. அந்த வருஷம் அதைக் கழற்றிவிட்டார்கள். தெலுங்குப் பலகை இன்னும் வந்து சேரவில்லை.

போதாதா எங்கள் ஆட்களுக்கு?

"பழைய சட்டம் பூட்ச்சி, புதுசு இன்னும் வர்ல. நடுவுல நாமதான் ராஜா" என்று என் கணவர் எல்லாரையும் ஏறச் சொன்னார். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"சட்டம் மாறினா தண்ணி மாறிடுமா? ரெண்டு நடையா போலாங்க" என்றேன்.

"ரெண்டு நடை போனா பிரியாணி ஆறிடும். நீ ஏறு" என்றார். படகோட்டி முனுசாமியும் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். சின்னதும் பெரியதுமாக இருபது பேர் போனோம்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது வானம் கறுத்தது. காற்று எழும்பியது. ஓரத்தில் அலை தெறித்து, படகுக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. பெண்கள் அலறினோம். உடனே, சபையை நடத்தும் எங்கள் உபதேசியார், "சபையாரே, ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் சபை வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். "ஜெபிப்போம்" என்ற சொல் காதில் விழுந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். காய்ச்சல்காரர்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆமென் வரும்வரை யாரும் உட்காரமாட்டோம். அந்தப் பழக்கத்தில் படகில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டோம்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"ஐயோ சாமீ, உக்காருங்க! இன்னாத்துக்கு எல்லாரும் எழுந்துக்கினீங்க? கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி!" என்று முனுசாமி தமிழில் கத்தி, தெலுங்கிலும் கத்தினார். ஜெபத்தின் நடுவில் உட்காருவதாவது! ஒருவரும் அசையவில்லை. பயத்தில் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

உபதேசியார் தங்கமான மனுஷர். ஆனால் அவருடைய ஜெபம் ஆதாமில் புறப்பட்டு, முற்பிதாக்கள் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வந்துசேரும். அன்றைக்கு அவர் நோவாவின் பேழைக்குள் மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டிருந்தார். இங்கே எங்கள் பேழை முழுகப் பார்த்தது.

நான் கண்ணைத் திறந்தேன். லில்லி படகின் முனையில், உட்காரும் பலகைமேல் ஏறி, பெரியவர்களைப் போலவே கைகூப்பி நின்றிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை பேர். பாய்ந்து பிடித்தால் படகு கவிழ்ந்துவிடும். "ஆண்டவரே, கொடுத்தவளை எடுத்துக்கொள்ளாதேயும். என்ன செய்யட்டும், சொல்லும்" என்று உள்ளுக்குள் கதறினேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அடுத்த மூச்சில் என் வாயிலிருந்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது.

"ஆமென்!"

எங்கள் சபையில் பெண்கள் பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறப்பார்கள். ஜெபத்தை நான் முடித்துவைப்பேன் என்று யார் கண்டது? சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. கேட்ட மாத்திரத்தில் அத்தனை பேரும் "ஆமென்" சொல்லி உட்கார்ந்தார்கள். நோவாவைப் பாதியில் விட்டுவிட்டு உபதேசியாரும் உட்கார்ந்தார். லில்லி பொத்தென்று உட்கார்ந்தாள். படகு ஆடி, ஆடி, நிமிர்ந்துகொண்டது.

"குண்டானை எடுங்க, தண்ணியை மொண்டு ஊத்துங்க!" என்றார் முனுசாமி. பிரியாணிக் குண்டானால் என் கணவர் இறைத்தார். மீந்திருந்த சோறெல்லாம் மீனுக்குப் போயிற்று. ஒருவரும் வருத்தப்படவில்லை.

கரையில் இறங்கியதும் லில்லியை வாரிக் கட்டிக்கொண்டு அழுதேன். என் கணவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் என்பதையும் மறந்து, விக்கி விக்கி அழுதார். உபதேசியார் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எம் ஜெபத்தக் கர்த்தர் உன் வாயால முடிச்சாரும்மா. நன்றி ஜெபத்த நீயே பண்ணு" என்றார்.

லில்லியை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் அப்படியே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சபையாரும் உட்கார்ந்தார்கள். "திருப்பிக் கொடுத்தீரே அப்பா" என்பதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அன்றுமுதல் பெண்கள் கூட்டத்தில் நானும் வாய்விட்டு ஜெபிக்கிறேன். புதுப் பலகையும் வந்தது. தெலுங்கில் இருந்தாலும் விஷயம் அதேதான். என் கணவர் அதை உரக்கப் படித்து, பத்துப் பேரை ஏற்றிவிட்டு, மற்றவர்களை அடுத்த நடைக்கு நிறுத்துகிறார். பிரியாணி ஆறித்தான் போகிறது.

பிரியமானவர்களே, ஆபத்தில் அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். விக்கலோ விம்மலோ, வருகிறபடியே கூப்பிடுங்கள். அவர் கேட்பார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே லில்லி என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, பசிக்குது. இன்னா எழுதிக்கினே இருக்க?" என்கிறாள். அந்தக் குரல் என் வீட்டில் கேட்கிறதே, என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நான் எழுந்து அவளுக்குச் சோறு போட வேண்டும்.