விளிம்பில் விட்ட இடம்

தூண்டில் ரீலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது நரம்புக்கு அல்ல, நரம்புக்கும் உருளையின் விளிம்புக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவுக்குத் தெரியும் வெறும் தகரத்துக்குத்தான். சுற்றி வர அந்த இடத்தில் மட்டும் நரம்பு கிடையாது. மறந்து விட்ட இடம் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். என் மதினி வேண்டுமென்றே விட்ட இடம் அது. அந்தக் கொஞ்ச இடத்துக்காக அவள் ஊரோடு மல்லுக்கட்டினாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதற்கும் பழகியவள்தான் அவள்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை மனசு வைத்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும், பங்குனிக்குள் பாளம் பாளமாக வெடித்துவிடும். இந்த ஊருக்குத்தான் என் அண்ணன் வெளிநாட்டு வேலை முடிந்து வரும்போது தூண்டில் கம்பும் ரீலும் பின்னல் நரம்பும் வாங்கி வந்தான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒற்றை நைலான் இழையான தங்கூசி நரம்பு. அது கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும். இந்தப் பின்னல் நரம்போ, மெல்லிய இழைகளைச் சடைபோலப் பின்னிச் செய்தது. தையல் நூல் கணக்காகத் துவளும், ஆனால் ஒரு விராலை அல்ல, ஆட்டுக்குட்டியையே இழுத்துவிடலாம். முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இரைக்குப் பதிலாக ரப்பர் தவளையைக் கட்டி வீசினான். தவளை பத்தடி தள்ளி விழுந்தது. நரம்பு கொத்தாகக் கழன்று, எண்ணெய் காணாத தலைபோலச் சிக்குப் பிடித்தது. கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டு, கம்பைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மதினியும் நானும் அப்போது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலைக் கூம்பு உருளையில் ஏற்றும் கோன் சுற்றும் பிரிவில் இருந்தோம். விடிவதற்குள் மில் வேன் வந்துவிடும். நூலில் எங்கே தொய்வு விழுகிறதோ அங்கே சிக்கு விழும் என்பது எங்களுக்குச் சோற்றில் உப்பு பார்ப்பது போல. கட்டிலுக்கடியிலிருந்து ரீலை எடுத்த மதினி, “இது நம்ம வேலைதான தாயி” என்றாள். மிச்சமிருந்த நரம்பை முழுக்கக் கழற்றி, வாங்கியதில் சுற்றாமல் கிடந்ததையும் சேர்த்து மறுபடி சுற்றினாள். அங்கேதான் மில்லின் பழக்கம் அவளைக் கவிழ்த்தது. மெலிந்த கோனைக் கண்டால் எங்கள் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்தப் பயத்தில் வளர்ந்த கை, உருளையின் விளிம்பு வரை தளதளவென்று நிரப்பிவிட்டது. மறுவாரம் கண்மாய் மடையில் நின்று அவள் வீசினாள். மொத்த நரம்பும் பந்தாகக் கழன்று காலடியில் விழுந்தது.

கரையில் ஆண்கள் கூட்டம். எங்களுக்கு மாமா முறை வேண்டிய ஊர்ப் பெரியவர் ஒருவர், “மில்லுல கோன் சுத்துறதுன்னு நெனச்சியாத்தா? பொம்பளையாளுக சேலையை விரிச்சுக் கெண்டைப்பொடி அள்ளுனாப் போதும். மடையில நின்னு வீசுறது ஆம்பளையாளு வேலை” என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் பங்குக்குச் சொன்னான்: “இன்னொரு தடவை சிக்கு விழுந்துச்சு, கம்பை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். நீயும் அதோட கண்மாய்ப் பக்கம் தலை காட்டக் கூடாது.” மதினி அழவில்லை. “விழலைன்னா மடை எனக்கு. யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றாள். அண்ணன் சரி என்று தலையாட்டினான். விழும் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்த வாரம் மில் விட்டு வந்ததும் அவளுக்கு இதே வேலை. சிக்கை என்னை அறுக்க விடவில்லை. “இழுக்காதத்தா, இழுத்தா இறுகிக்கிரும்” என்று நரம்பை நனைத்து, கோணி ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக நெகிழ்த்தினாள். வெறும் தகரத்தில் பின்னல் நரம்பு பிடிமானமில்லாமல் வழுக்குகிறது என்று கண்டு, அடியில் கொஞ்சம் தங்கூசியைச் சுற்றினாள். அதன்மேல் பின்னல் நரம்பை ஈரத்துணியில் பொத்திப் பிடித்து, விரல் சிவக்கச் சிவக்க விறைப்பாக ஏற்றினாள். விளிம்புக்கு ஒரு நெல்மணி இருக்கும்போது நிறுத்தினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “மதினி, கோன் நெறயலையே” என்றேன். “நெறஞ்சா மொத்தமாக் கழண்டுருது தாயி. கொஞ்சம் உள்ள தள்ளி இருந்தா அளவாக் கழண்டு தூரம் போகும்” என்றாள். பிறகு முற்றத்தில் நின்று வெறும் கல்லைக் கட்டி வீசிப் பார்த்தாள். ரீலில் ஒரு வளையக் கம்பி இருக்கிறது. திறந்தால் நரம்பு போகும், மூடினால் சுற்றும். கைப்பிடியைச் சுழற்றினால் அது தானாக மூடிக்கொள்ளும். அப்படி மூடும்போதுதான் ஒரு தொய்வு உள்ளே மாட்டுகிறது என்று பிடித்தாள். அன்றிலிருந்து கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒரு வெடுக்கு வெடுக்கி விறைப்பாக்கிய பிறகே கைப்பிடியைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று எதிர்த்து அடித்தது. வேண்டுமென்றே பார்க்க வந்தவர்கள் வேறு. மதினி சேலையைச் செருகிக்கொண்டு மடையில் ஏறினாள். தவளை அல்லித் தழைகளைத் தாண்டிப் போய் விழுந்தது. கையால் மூடினாள், வெடுக்கினாள், சுற்றினாள். பொழுது சாயும் வரை இதுவே. ஒரு சிக்கு இல்லை, ஒரு மீனும் இல்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மீனு விழலையே தாயி” என்றார். “சிக்கு விழக் கூடாதுன்னுதான மாமா பேச்சு? மீனைப் பத்திக் கண்மாயிட்டக் கேளுங்க” என்றாள். அண்ணன் கம்பை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் விரால் விழுந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மீனில்லாத அந்த நாள்தான். அதற்கப்புறம் தண்ணீர் நின்ற வருஷமெல்லாம் மடை அவளுடையது. அவளைப் பார்த்து ஆண்களும் ரீல் வாங்கினார்கள், சிக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். செய்து கொடுத்தாள். ஆனால் ஈரத்துணியை அவர்கள் கையிலேயே கொடுத்து, “நீங்களே பிடிங்க, விரலு செவக்கட்டும்” என்பாள்.

போன வருஷம் மதினி இறந்துபோனாள். கருமாதிக்குக் கூடியிருந்தபோது அதே மாமா, “அளவு தெரிஞ்ச பிள்ளை. ரீல்ல கூட விளிம்பு தாண்ட மாட்டா. பொம்பளைன்னா அந்த அடக்கம் வேணும்” என்றார். கூட்டம் தலையாட்டியது. அதுவரை அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. உயிரோடு இருந்தவரை மடக்க முடியாதவளைச் செத்த பிறகு எவ்வளவு சுலபமாக மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். “அது அடக்கம் இல்ல மாமா. தூரம் போறதுக்கு விட்ட எடம்” என்றேன். அண்ணன் எழுந்து உள்ளே போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். ரீலோடு வெளியே வந்து என் மடியில் வைத்தான்.

இந்தக் கார்த்திகையில் கண்மாய் பாதிதான் நிறைந்தது. போதும். நரம்பைக் கழற்றி, ஈரத்துணி பிடித்து, அதே நெல்மணி அளவு விட்டுச் சுற்றி எடுத்துக்கொண்டு மடையில் ஏறினேன். தவளை அல்லியைத் தாண்டி விழுந்தது. “மடையில யாரு, பொம்பளையாளா?” என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் திரும்பவில்லை. கம்பியைக் கையால் மூடினேன், நரம்பை ஒரு வெடுக்கு வெடுக்கினேன், சுற்றத் தொடங்கினேன்.