சித்தியின் இடது கால்

பொங்காலை நாளில் திருவனந்தபுரத்துக்குத் தரை கிடையாது. தெருவெல்லாம் மூன்று செங்கல், ஒரு மண்பானை, அதன் பின்னால் அம்மனுக்குப் பொங்கலிடும் ஒரு பெண். மீதியெல்லாம் புகை. எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. ஆரியசாலையில் எங்கள் கடைக்கு முன்னால், புகைக்குள் சித்தி மிதந்துகொண்டிருந்தாள். முகம் தெரியும், பிறகு வளையல் மட்டும் தெரியும், பிறகு ஒன்றுமே தெரியாது.

சித்திக்குப் பிள்ளை இல்லை. வருஷம் தவறாமல் பொங்காலை இடுவதாக வேண்டுதல். அந்த வருஷம் தீட்டு அதே நாளில் வரும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் தீட்டைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவது, பாயசத்துக்கு வெல்லம் வாங்குவது மாதிரி. மருந்துக்கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அம்மாதான் வாங்கி வந்தாள். முந்தைய மாதமும் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தி அதையே விழுங்கியிருந்தாள். ஆண்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

பானை பொங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். சித்தி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, எடது காலு கல்லு மாதிரி கெடக்கு."

"காலையிலேருந்து குத்த வச்சிருந்தா பின்னே என்ன செய்யும்? எழும்புடீ" என்றாள் அம்மா.

மறுநாள் அந்தக் கால் தொடைவரை வீங்கி, நீலமும் சிவப்புமாகப் பளபளத்தது. எனக்கு அது அழகாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, நெஞ்சுக்கு ஏறினால் உயிர் போய்விடும் என்றார் டாக்டரம்மா. "மோளே, குளிகை ஏதாவது கழிச்சோ?"

அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்றார்கள். "ஒரு மாத்திரையும் சாப்பிடலே டாக்டரே" என்றாள் அம்மா. உயிர் போகிற இடத்திலும் மானம்! சித்தி சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "இனி பறை." சித்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

மாத்திரையை நிறுத்தினார்கள். வயிற்றில் ஊசி போட்டார்கள். கட்டி கரையத்தான் ஊசி என்று நான் எடுத்துக்கொண்டேன். கட்டிலருகே உட்கார்ந்து, மின்விசிறியின் முனகலில் கண் சொக்க, சித்தியின் காலுக்குள் ஒரு சிவப்புக் குச்சி ஐஸ் மெல்ல உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு மத்தியானம், விரிப்பெல்லாம் ரத்தம். அம்மா பதறினாள். மாத்திரையை நிறுத்தியதால் தீட்டு வந்திருக்கிறது, ஊசியால் கொஞ்சம் அதிகமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. "பொங்காலை முடிஞ்சாச்சே, இனி எப்ப வேணும்னாலும் வரட்டும்" என்று சித்தி வெளுத்த உதட்டால் சிரித்தாள்.

இதையெல்லாம் நான் எங்கே காதில் வாங்கினேன்? வராந்தாவுக்கு ஓடினேன். அப்பா, சித்தப்பா, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தி பொழைச்சாச்சு! கட்டின ரத்தமெல்லாம் வெளிய வந்துட்டு! மெத்தை பூரா இருக்கு, வந்து பாருங்க!"

ஒருவரும் எழவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சாயா குடிக்கப் போனார். இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.