டாக்டருக்குச் சீலை கட்டிவிட்ட தவமணி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவமணி அக்காவின் கணவர் நடராசா அண்ணை தொலைபேசியில் அழைத்தார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அக்கா பிறகு எழும்பவில்லை என்றும், அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு அவர், "தங்கச்சி, அலுமாரியிலை நாற்பது சீலை கிடக்கு. இவளுக்கு எதை உடுத்திறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீர் ஒருக்கா வாரும்" என்றார். மரணச் செய்தியைத் தாங்கிக்கொண்ட எனக்கு அந்த நாற்பது சீலைகளைப் பற்றிக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு கோலியர்ஸ் வுட்டில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே தெரு. ஒன்பது வருடம் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தோம். இதை வாசிக்கிற நீங்கள் அக்காவை வேறு விதமாக அறிந்திருப்பீர்கள். விம்பிள்டனிலும் வெம்பிளியிலும் நம்மவர் வீட்டுக் கலியாணம் என்றால் மணப்பொம்பிளைக்குச் சீலை கட்ட அவரைத்தான் கூப்பிடுவோம். வாயில் நாலு ஊசியைக் கடித்துக்கொண்டே பொம்பிளையின் தாயை அதட்டக்கூடியவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

இனி எழுதப் போவது உங்களில் பலருக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் அக்கா வயிற்றில் ஒரு ஒப்பரேசன் செய்துகொண்டார் என்றுதான் ஊரெல்லாம் கதை. உண்மையில் அவருக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இடது மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள். இதை அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். "நான் இருக்குமட்டும் வாய் திறவாதை. போனாப்பிறகு எழுது. எழுதினால் ஒண்டையும் குறைக்காதை" என்று சொல்லியிருந்தார்.

நோய் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. எடுத்த இடத்தில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் கிழமை, மாதம் முடியுமுன்பே, அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடித்தது. காய்ச்சலில் அக்கா இரண்டு நாள் பிதற்றினார். தலைமைச் சமையல்காரி உருளைக்கிழங்கில் உப்புப் போடவில்லை என்பதுதான் பிதற்றல் முழுக்க. நடராசா அண்ணை பெற்றோல் ஸ்டேசன் ஷிப்டுக்குப் போகாமல் கட்டிலடியிலேயே இருந்தார். கடைசியில் வைத்த பையை வெளியே எடுத்தார்கள். அக்கா பிழைத்தார். மார்பு இருந்த இடத்தில் தழும்பு மட்டும் மிஞ்சியது.

பிராவுக்குள் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு செயற்கை மார்பு கொடுத்தார்கள். அது ரோஜாப்பூ நிறம். "ஒரு பக்கம் யாழ்ப்பாணம், மற்றப் பக்கம் இங்கிலாந்து. நான் எந்தப் பக்கத்துக்குக் கதைக்கிறது?" என்று கேட்டு அதைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். பிறகு பழைய வேட்டித் துணியில் தானே ஒரு பை தைத்து, அதற்குள் பயறு நிரப்பினார். கையில் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு பிடி போட்டு, மறுபடி தூக்கிப் பார்த்து, நிறையைச் சரிபண்ணினார். அந்தப் பையோடு இரண்டு மாதம் வேலைக்கு வந்தார். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் நடராசா அண்ணை, மனைவிக்கு உதவி செய்யப்போய், கட்டிலில் கிடந்த உடுப்பை எல்லாம் அள்ளி மெஷினில் போட்டார். பயற்றுப் பையும் அதோடு போனது. முழங்கால் நோவுக்கு ஒத்தணம் கொடுக்கிற பொட்டலமாக்கும் என்று நினைத்து, துவைத்து முடிந்ததும் காய ஹீட்டருக்கு மேலே வைத்தார். ஈரமும் சூடும் சேர்ந்தால் பயறு சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் துணியைப் பொத்துக்கொண்டு முளை வெளியே வந்தது. கலியாண வீட்டில் சட்டியில் நவதானியம் போட்டு வைக்கிற பாலிகை முளைத்தால் எல்லோரும் கூடி நின்று பார்ப்பது போல நாங்கள் மூவரும் ஹீட்டரைச் சுற்றி நின்று பார்த்தோம். "பாலிகை போட்டாச்சு. இனி மாப்பிள்ளையைப் பாருங்கோ" என்றார் அக்கா. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

சிரித்து முடிந்ததும் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "எனக்குத் திரும்ப ஒப்பரேசன் செய்யவேணும்" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். ஐம்பத்தொரு வயதில், மூன்று பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, ஒருமுறை சாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எதற்கு என்று நீட்டி முழக்கினேன். அக்கா ஆத்திரப்படவில்லை. "மற்றவைக்காக இல்லையடி. காலமை சீலை கட்டுற பத்து நிமிஷமும் நான் நோயாளி. மிச்ச நேரம் மறந்துபோடுவன். அந்தப் பத்து நிமிஷமும் எனக்குத் திரும்ப வேணும்" என்றார். எனக்கு அது அன்று சரியாக விளங்கவில்லை. விளங்காத ஆள்தான் அவருக்கு மொழிபெயர்க்கப் போனேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று யாரும் இல்லை. ஆங்கிலம் தெரிந்த அயலவர் கூடப் போவார். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் கிளார்க்காக வேலை பார்த்தவள் என்பதால் நான் போனேன். அக்காவுக்குச் சமையலறை ஆங்கிலம் மட்டும்தான் விளங்கும் என்பது என் நினைப்பு. புறப்படுகிற அன்று நடராசா அண்ணை பஸ் நிறுத்தம் வரை வந்து, அக்காவுக்குக் கேட்காமல் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "தங்கச்சி, அவள் என்ன சொன்னாலும் டாக்டரிட்டை வேண்டாமெண்டு சொல்லிவிடும். எனக்கு அவள் உயிரோடை இருந்தால் காணும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

டாக்டர் ஆறடிக்கு மேலே உயரம், சிவந்த முகம், பொறுமைசாலி. கடதாசியில் படம் கீறி விளக்கினார். ஒரு வெறும் பலூனைத் தோலுக்குக் கீழே வைத்துக் கிழமைக்குக் கிழமை உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலை விரிக்கலாம். ஆனால் ஏற்கனவே சீழ் பிடித்த இடம் என்பதால் அவருக்கு அதில் நம்பிக்கை குறைவு. முதுகுத் தசையைத் தோலோடு முன்னுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். அல்லது அடிவயிற்றுக் கொழுப்பையும் தோலையும் தசையோடு மேலே ஏற்றி மார்பாக்கலாம். அது நீண்ட ஒப்பரேசன். ஏற்றிய சதையில் ஒரு பகுதி கருகலாம், வயிற்றுச் சுவர் பலவீனப்படலாம். எதுவும் செய்யாமல் இப்படியே இருப்பதிலும் பிழையில்லை என்றும் சொன்னார். இவ்வளவையும் நான் தமிழில் சொன்னேன். இதுவரை நேர்மை.

அக்கா, "வயித்திலை இருந்து எடுக்கச் சொல்லு. மூண்டு பிள்ளை பெத்துச் சேர்த்து வைச்சது கிடக்கு" என்றார்.

நான் டாக்டரைப் பார்த்து, ஆங்கிலத்தில், இவருக்கு இனி ஒப்பரேசன் எதுவும் வேண்டாமாம், பிராவுக்குள் பை வைத்துக்கொள்வதே திருப்தியாம் என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் பேனாவை மூடப்போனார். அக்கா விரலால் என்னைக் காட்டி, அவரிடம் தெளிவான ஆங்கிலத்தில், "அது இவளுடைய விருப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்ரை விருப்பத்துக்கு நீ ஒப்பரேசன் செய்யாமல் இரு. இப்ப நான் சொல்லுறதைச் சொல்லு."

சொன்னேன். அறையின் நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை. முதுகுத் தழும்பு உடுப்புக்குள் மறைந்துவிடும், ஒப்பரேசனும் சிறியது, அதை யோசிக்கலாமே என்றார். அக்கா கடைக்குக் கொண்டுபோகிற பையைத் திறந்து, ஒரு நைலெக்ஸ் சீலையையும் பாவாடை நாடாவையும் எடுத்தார். டாக்டரை எழும்பச் சொன்னார். மனிதர் எழும்பினார். அவருடைய காற்சட்டைக்கு மேலே நாடாவைக் கட்டி, சீலையைச் செருகி, கொய்யகம் மடித்துப் பிடித்தார். அந்தப் பெரிய உடம்பைச் சுற்றச் சீலை போதவில்லை, மூன்று மடிப்புத்தான் வந்தது. முந்தானையை இடது தோளில் போட்டு ஊசி குத்தினார். கூட நின்ற தாதி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கினாள்.

அதன்பிறகு அக்கா பாடம் எடுத்தார், நான் ஒரு சொல் தவறாமல் மொழிபெயர்த்தேன். பிளவுஸ் இங்கே முடியும், இதற்குக் கீழே முதுகும் விலாவும் வெளியே தெரியும். உங்கள் பெண்கள் மறைக்கிற இடம் எங்களுக்குத் திறந்த இடம். அடிவயிறு நாடாவுக்குக் கீழே, அதை நான் மட்டும்தான் பார்ப்பேன். இடது பக்கத்துக்கு மேலே முந்தானை இருக்கிறது, மற்றதைப் போல அச்சொட்டாக வராவிட்டாலும் பரவாயில்லை. டாக்டர் சீலையோடேயே இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடிவயிறு என்று முடிவானது.

வீட்டு வாசலில் நடராசா அண்ணை என்னைப் பார்த்து, "சொன்னீரோ?" என்று மெல்லக் கேட்டார். "சொன்னனான் அண்ணை. அக்கா திருத்திப்போட்டா" என்றேன். அவர் உள்ளே போய்த் தேநீர் போட்டார்.

ஒப்பரேசன் நாள் முழுக்க நடந்தது. ஏற்றிய சதையில் ஒரு மூலை கருகி, அதை வெட்டி, ஆறு கிழமை மருந்து கட்டினார்கள். வயிற்றைத் தைத்த இறுக்கத்தில் அக்காவால் நிமிர ஏலாமல் போனது. "நிமிர்ந்து நிக்கத்தான் செய்தனான், இப்ப குனிஞ்சு திரியிறன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் தையல் நோகும் என்று தாதி தடுத்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தார். புதிய மார்பு மற்றதைவிடக் கொஞ்சம் சிறிது. கோயிலில் அவருடைய தட்டையான வயிற்றைப் பார்த்து என்ன டயட் என்று கேட்ட பெண்களே, இப்போது உங்களுக்கு விடை தெரியும். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல், தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அவசரமில்லாமல், ஆறுதலாகச் சீலை கட்டினார்.

தொண்ணூறுகளில் கவுன்சில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து தந்தவரும் அக்காதான். "நீ பிழை விட்டுப் பழகினவள், உனக்கு வேலை தெரியும்" என்றார். அவருடைய நகையோ சீலையோ எனக்கு வேண்டாம். வாயைத் திறப்பதற்கு முன், நான் சொல்லப்போவது யாருடைய விருப்பம் என்று ஒருகணம் நின்று கேட்கிற பழக்கம் அவர் தந்தது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.

செத்தவீடு முடிந்த மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை இருந்தது. முழங்கால் ஒப்பரேசனுக்காக ஒரு வயதான அம்மாவைக் கூட்டிவந்திருந்தார் மகன். அம்மாவுக்கு இனி இதெல்லாம் ஏலாது, வேண்டாமெண்டு சொல்லுங்கோ என்று உள்ளே போகும்போதே எனக்குச் சொன்னார். நான் கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பி, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். அவர் முதலில் மகனைப் பார்த்தார். பிறகு இருபது நிமிடம் பேசினார். பாதி முழங்காலைப் பற்றி, மீதி மருமகள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதியைப் பற்றி. நான் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன், சொதியையும் சேர்த்து.